திருச்சபைப் பள்ளியில் படித்த மகளுக்கு அரசுப் பள்ளி ஒதுக்கீடு உண்டா? பொறியியல் சேர்க்கைக்கு என்னென்ன வேண்டும்?

கேள்வி: என் மகள் ஆறு முதல் எட்டு வரை எங்கள் ஊரில் திருச்சபை நடத்தும் உதவிபெறும் நடுநிலைப் பள்ளியிலும், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசு மேல்நிலைப் பள்ளியிலும் தமிழ்வழியில் படித்தாள். கணிதம் 84, இயற்பியல் 78, வேதியியல் 81, கணினி அறிவியல் 91. நாங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். நான் பீடி சுற்றுகிறேன். அவளுடைய அண்ணன் பேட்டை ஐ.டி.ஐ.யில் படித்தவன். திருநெல்வேலியில் உள்ள அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் அவளைச் சேர்க்க விரும்புகிறோம். அரசுப் பள்ளி ஒதுக்கீடு கிடைக்குமா? என்னென்ன சான்றிதழ்கள் எடுக்க வேண்டும்?
– ஒரு தாயார், முக்கூடல் வட்டாரம்

பதில்: அம்மா, தாங்கள் கடைசியாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை முதலில் கேட்டுவிட்டீர்கள், அதுவே நல்லது. 7.5 விழுக்காடு ஒதுக்கீடு தங்கள் மகளுக்குக் கிடைக்காது. பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த இந்த ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு உரியது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. உதவிபெறும் பள்ளியில் படித்தவர்கள் அந்த விலக்கிலும் வரமாட்டார்கள்.

நம் திருநெல்வேலிச் சீமையில் இந்தக் குழப்பம் வருவதில் வியப்பில்லை. டி.டி.டி.ஏ. (தென்னிந்தியத் திருச்சபையின் திருநெல்வேலித் திருமண்டலம்) பள்ளிகளும் கத்தோலிக்கத் திருச்சபைப் பள்ளிகளும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. பாடநூல் இலவசம், சத்துணவு உண்டு, ஆசிரியருக்குச் சம்பளம் அரசு தருகிறது. ஆகவே ஊரார் அவற்றையும் அரசுப் பள்ளி என்றே எண்ணுகிறார்கள். ஆனால் கலந்தாய்வு விண்ணப்பத்தில் ஒவ்வொரு வகுப்புக்கும் பள்ளியின் பெயரையும் வகையையும் தனித்தனியே கேட்பார்கள். அங்கே தெரியாமல் ‘அரசு’ என்று குறித்துவிட்டால், சரிபார்ப்பில் அது தள்ளப்படும். சேர்ந்த பிறகு தெரியவந்தால் இடமே பறிபோகும். ‘அரசு உதவிபெறும் பள்ளி’ என்று உள்ளபடியே குறியுங்கள்.

அடுத்து, தாங்கள் சொல்லும் வளாகம் எது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். திருநெல்வேலியில் அண்ணா பல்கலைக்கழக மண்டல வளாகம் ஒன்று. 1981-இல் தொடங்கப்பட்ட அரசு பொறியியல் கல்லூரி மற்றொன்று. முன்னது பல்கலைக்கழகமே நடத்துவது. பின்னது அதனோடு இணைவு பெற்ற அரசுக் கல்லூரி. பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, ஆனால் கலந்தாய்வில் இரண்டுக்கும் தனித்தனிக் குறியீட்டு எண்கள் உண்டு. இரண்டில் எதற்கும் நேரடி விண்ணப்பம் கிடையாது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத்தான் இடம் கிடைக்கும். “அங்கே ஆள் இருக்கிறது, இடம் வாங்கித் தருகிறேன்” என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

தகுதி வேறு, தரவரிசை வேறு. கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றின் சராசரி, பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 40 விழுக்காடும், பொதுப் பிரிவினருக்கு 45 விழுக்காடும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். அந்த வாசலைத் தங்கள் மகள் எளிதாகத் தாண்டிவிட்டாள். நுழைவுத் தேர்வு 2007 முதல் இல்லை. ஆகவே இடத்தை முடிவு செய்வது 200-க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மதிப்பெண்தான். கணிதம் முழுமையாகவும், மற்ற இரண்டும் பாதியாகவும் எடுத்துக்கொள்ளப்படும்: 84, 39, 40.5; ஆக 163.5. கணினி அறிவியலில் அவள் வாங்கிய 91 இந்தக் கணக்கில் சேராது. அதே மதிப்பெண் பட்டியலை வைத்து ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரியில் இளம் அறிவியலுக்கு விண்ணப்பித்தால், அங்கே நான்கு பாடங்களின் கூட்டுத்தொகையான 334 என்பது 400-க்குப் பார்க்கப்படும், அந்த 91-உம் அதில் சேரும். அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கான அந்த இணைய விண்ணப்பத்தையும் கையோடு போட்டுவைப்பது என் யோசனை. செலவு மிகக் குறைவு.

விடைத்தாள் நகல் வாங்கிப் பார்க்கும் எண்ணம் இருந்தால், கணிதத் தாளை முதலில் வாங்குங்கள். கணிதத்தில் கூடும் ஒரு மதிப்பெண், இயற்பியலில் கூடும் இரண்டுக்குச் சமம். ஒரே கட்-ஆஃப் பெற்ற இருவரில் யார் முந்துவது என்பதற்கும் முதலில் கணித மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள்.

சான்றிதழ்களுக்கு வருவோம். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ் ஆகியவை பள்ளியில் கிடைத்துவிடும். எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்திருப்பதால் பிறப்பிடச் சான்றிதழுக்காக அலைய வேண்டாம். சாதிச் சான்றிதழ் கட்டாயம். அது இல்லையென்றால் பிற்படுத்தப்பட்டோருக்கான 26.5 விழுக்காட்டில் அவளுக்குப் பங்கில்லை, 31 விழுக்காடு பொதுப் போட்டியில் மட்டும் நிற்க வேண்டியிருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் பக்கத்தில் ‘லட்சுமி’யை ‘லெட்சுமி’ என்று எழுதுவது வழக்கம். சாதிச் சான்றிதழில் ‘முத்துலெட்சுமி’, மதிப்பெண் பட்டியலில் ‘முத்துலட்சுமி’, ஆதாரில் தலைப்பெழுத்து பின்னால் என்று மூன்று விதமாக இருக்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். மதிப்பெண் பட்டியலில் உள்ளதையே அளவுகோலாக வைத்து, மற்றவற்றை இ-சேவை மையத்தில் இப்போதே திருத்திவிடுங்கள். ஜூலையில் கலந்தாய்வு நடக்கும்போது வட்டாட்சியர் அலுவலக வாசலில் நிற்பது பெரும்பாடு.

ஒதுக்கீடு கிடைத்திருந்தால் கட்டணம் முழுவதையும் அரசே ஏற்றிருக்கும். அது இல்லாத நிலையில், தங்களுக்கு உண்மையில் கை கொடுக்கப்போவது, கல்விக் கட்டணச் சலுகை தரும் முதல் பட்டதாரிச் சான்றிதழ்தான். குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது என்பதே நிபந்தனை. ஐ.டி.ஐ. பட்டம் ஆகாது, ஆகவே அண்ணனால் தடையில்லை. ஆனால் அவளுடைய தந்தையார் அஞ்சல் வழியில் பட்டம் முடித்திருந்தால் அவரும் பட்டதாரியே, மறைக்க வேண்டாம். இதற்கு வருமான வரம்பு கிடையாது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக மண்டலத் துணை வட்டாட்சியரிடம் போகும். குடும்ப அட்டையில் உள்ள ஒவ்வொருவரின் படிப்புக்கும் சான்று கேட்பார்கள் என்பதால், அண்ணனின் மாற்றுச் சான்றிதழையும் எடுத்துச் செல்லுங்கள். கலந்தாய்வு விண்ணப்பத்தோடு மாணவியும் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழிப் படிவம் ஒன்றும் உண்டு.

இது தவிர, தங்களிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால், மத்தியத் தொழிலாளர் நல அமைப்பின் கல்வி உதவித்தொகைக்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பொறியியல் போன்ற தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு ரூ.25,000 வரை தருகிறார்கள். புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ரூ.1,000, 2024-25 முதல் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவிகளுக்கும் விரிவாக்கப்பட்டிருக்கிறது. கல்லூரியில் சேர்ந்ததும் அங்குள்ள பொறுப்பு அலுவலரிடம் கேளுங்கள்.

கலந்தாய்வுக்கான பதிவுக் கட்டணம் ரூ.500, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு ரூ.250. ஒரு காலத்தில் இதற்காக நெல்லை எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் பயணம் செய்து சென்னையில் வரிசையில் நின்றோம். 2018 முதல் எல்லாம் இணையவழிதான். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியிலேயே சேவை மையம் உண்டு.

விருப்பப் பட்டியலை நிரப்பும்போது, ‘இது கிடைக்காது’ என்று நினைத்து நல்ல கல்லூரியைக் கீழே தள்ளாதீர்கள். தரவரிசைப்படி அவள் முறை வரும்போது, பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தைக் கணினி கொடுக்கும். மேலே அரிய இடங்களை எழுதியதனால் கீழுள்ளவை கெட்டுப்போவதில்லை. மண்டல வளாகத்தையும் அரசு பொறியியல் கல்லூரியையும் ஒவ்வொரு பாடப்பிரிவாகத் தனித்தனியே எழுத வேண்டும். தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு, அந்த இடத்தை ஏற்று உடனே சேரலாம், அல்லது ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்காகக் காத்திருக்கலாம். காத்திருந்து மேலிடம் கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகப் போய்விடும் என்பதை மகளிடம் சொல்லிவையுங்கள்.

விண்ணப்பத்தைப் பிரவுசிங் சென்டரில் போட்டாலும், கைபேசி எண் தங்களுடையதாகவே இருக்கட்டும். ஒதுக்கீட்டை உறுதிசெய்யும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். அவகாசம் ஓரிரு நாள்தான், அன்றைக்குக் கடை திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது.