அக்லோனிமா என்று வாங்கினேன், அதுதானா? – செடி கேள்வி பதில்

கே: நர்சரியில் ‘அக்லோனிமா’ என்று சொல்லிக் கொடுத்த செடி. ஒன்றரைச் சாண் நீள இலை, பச்சையில் வெளிர்மஞ்சள் தெளித்தது போல இருக்கும். ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். நான்கு மாதமாக இலை நுனி காபி நிறத்தில் கருகுகிறது, அடி இலைகள் பழுத்து விழுகின்றன. ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் தண்ணீரை வீணாக்காமல் தினமும் ஒரு சொம்பு ஊற்றுகிறேன். – வாசகி, வில்லாபுரம்

ப: நீங்கள் சொல்லும் இலையைப் பார்த்தால் டிஃபன்பேக்கியா போலத்தான் இருக்கிறது. இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் இளஞ்செடியில் பெயர் மாறுவது சகஜம். தண்டைப் பாருங்கள். கட்டைவிரல் கனத்தில், இலை உதிர்ந்த இடமெல்லாம் கரும்புக் கணு மாதிரி வளையத் தழும்போடு இருந்தால் டிஃபன்பேக்கியாதான். அக்லோனிமா மண்ணிலிருந்தே நாலைந்து மெல்லிய தண்டாகப் புதர் கட்டும், இலையும் குறுகல்.

நுனியைக் கருக்குவது நீங்கள் மிச்சம் பிடிக்கும் அந்தத் தண்ணீர். குடிநீரிலிருந்து பிரித்த உப்பையெல்லாம் மெஷின் அதில்தான் தள்ளுகிறது. நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் ஏற்கெனவே உப்பு, மெஷினிலிருந்து வரும்போது இன்னும் செறிவாகியிருக்கும். இலை வழியே நீர் ஆவியாகிவிடும், உப்பு நுனியில் தங்கிவிடும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு இருக்கிறதா பாருங்கள், அதுவே சாட்சி. வாளியில் ஒரு ராத்திரி வைத்தால் குளோரின் போகும், உப்பு போகாது. அந்தத் தண்ணீரைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியைக் குளியலறைக்குத் தூக்கிப்போய், அதன் கொள்ளளவைப் போல் நான்கு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியே வடிய விடுங்கள். மழைத் தண்ணீரும் ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீரும் இதற்குத் தோது. ஐப்பசி மழையில் முதல் மழையை விட்டுவிட்டு ஒரு டிரம் பிடித்து மூடி வையுங்கள். கருகிய நுனி மறுபடி பச்சையாகாது, புது இலை சுத்தமாக வருகிறதா என்பதுதான் கணக்கு.

அடி இலை பழுப்பது தினசரிச் சொம்பால். ஈரம் காயாத மண்ணில் வேருக்கு மூச்சு முட்டுகிறது. விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். சித்திரையில் மூன்று நான்கு நாளுக்கு ஒரு தடவை, மார்கழியில் வாரம் பத்து நாள் கூடத் தாங்கும்.

அடித்தண்டு அழுத்தினால் கொழகொழக்கிறதா? அப்படியானால் வேர் அழுகிவிட்டது. மேலே கெட்டியான பகுதியை மூன்று கணுவோடு வெட்டி, ஒரு நாள் நிழலில் காய விட்டுப் புதுக் கலவையில் நடுங்கள். அலசிய தென்னைநார்த் தூள் 2 பங்கு, செம்மண், மண்புழு உரம், பருமணல் தலா 1 பங்கு. தனிச் செம்மண் தொட்டியில் செங்கல்லாக இறுகிவிடும்.

வெட்டும்போது கையுறை போடுங்கள். கருணைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் இதன் பங்காளிகள்தான். நாக்கை அரிக்கும் அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இதிலும் உண்டு, புளி ஊற்றி அடக்க வழியில்லை. குழந்தை கடித்துவிட்டால் வாயைத் துடைத்து, குளிர்ந்த பால் கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொண்டை வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரி.

கே: என் கலாத்தியா ராத்திரியில் இலையை நிமிர்த்திக் கூப்பிக்கொள்கிறது. நோயா? – வாசகர், திருமங்கலம்

ப: இல்லை. இலைப்பரப்பும் காம்பும் சேரும் இடத்தில் ஒரு சின்ன முட்டி தெரியும். அதன் ஒரு பக்கச் செல்களில் நீர் ஏறி மறுபக்கம் இறங்கும்போது இலை நிமிர்கிறது, காலையில் படுத்துவிடும். கூவைக்கிழங்கின் குடும்பம் இது. கவலைப்பட வேண்டியது பகலிலும் இலை சுருண்டே கிடந்தால். அது தாகம், அல்லது காற்றில் ஈரம் போதவில்லை. அக்னி நட்சத்திரத்தில் மேற்கு ஜன்னலிலிருந்தும் ஃபேனுக்கு நேர் கீழிருந்தும் நகர்த்தி, கூழாங்கல்லும் தண்ணீரும் போட்ட தட்டின் மேல் வையுங்கள். தொட்டி அடி தண்ணீரைத் தொடக்கூடாது.

கே: ஹாலில் இருக்கும் செடிகளுக்கு அரிசி களைந்த தண்ணீர் ஊற்றலாமா? – வாசகி, மேலூர்

ப: மாடியில் கறிவேப்பிலைக்கு ஊற்றுங்கள். வீட்டுக்குள் மண்ணின் மேல் மாவு புளித்துப் பூஞ்சை படரும், பின்னாலேயே குட்டிக் கொசு மாதிரி ஈ மொய்க்கும்.