ஆன்லைன் ஏலத்தில் பழங்காசு: கேள்வி பதில்

கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு, பிரிட்டிஷ் இந்தியக் காசு இரண்டுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். கேட்குமுன் காசின் எடையைத் தெரிந்துகொண்டு வாருங்கள். எடை இல்லாத கேள்விக்குப் பதில் பாதிதான் வரும்.

கேள்வி: விக்டோரியா வெள்ளி ரூபாய் ஏலத்தில் ரொம்ப மலிவாக நிற்கிறது. படம் தெளிவாக இருக்கிறது. கேட்கலாமா?

படத்தில் போலி தெரியாது. படமே வேறொருவர் காசாக இருக்கலாம். இன்றைய தேதி எழுதிய சீட்டின் மேல் காசை வைத்து, இரண்டு பக்கமும் விளிம்பும் தெரிகிற படம் கேளுங்கள். தராசு மேல் வைத்த படமும் வேண்டும். அந்த ரூபாய் 11.66 கிராம், 91.7 சதவீத வெள்ளி. அதாவது 10.69 கிராம் சுத்த வெள்ளி. அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிப் பாருங்கள். அதற்கும் கீழே ஒருவர் விற்கிறார் என்றால் அவர் தருமம் செய்யவில்லை.

கைக்கு வந்ததும் செய்ய வேண்டியது: 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துச் சுழியாக்குங்கள். காசை நூலில் கட்டி முழுக்க அமிழ்த்துங்கள். அடியிலும் பக்கத்திலும் தொடக்கூடாது, குமிழி ஒட்டியிருக்கக்கூடாது. சரியான ரூபாய்க்குத் தராசு சுமார் 1.13 காட்டும். ஜெர்மன் சில்வர் (வெள்ளியே இல்லாத கலவை உலோகம்) என்றால் 1.34 பக்கம் போகும். நன்றாகத் தேய்ந்த காசு 11.4 வரை இறங்கலாம். அப்போது எடையை, தண்ணீரில் தராசு காட்டிய அளவால் வகுங்கள், 10.3 ஒட்டி வரவேண்டும்.

கேள்வி: காந்தம் ஒட்டவில்லை. அப்போ வெள்ளிதானே?

செம்பிலும் பித்தளையிலும் ஒட்டாது சார். ஒட்டினால் போலி என்று மட்டும் தெரியும். எடை போடுங்கள்.

கேள்வி: 1911 'பன்றி ரூபாய்' லட்சக்கணக்கில் போகுமாமே?

போகாது. ஐந்தாம் ஜார்ஜ் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரி தெரிந்ததால் எதிர்ப்பு கிளம்பி, 1912-ல் அச்சை மாற்றினார்கள். சேகரிப்பவர்கள் விரும்பும் காசு, அவ்வளவுதான்.

கேள்வி: டிராக்டர் போட்ட 5 ரூபாய் நோட்டை 3 லட்சத்துக்கு எடுப்பதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கி அனுமதிக்கு 4,500 கேட்கிறார்கள்.

அனுப்பாதீர்கள் அம்மா. பழைய நோட்டு, நாணயம் விற்கத் தன் பெயரில் கட்டணமோ கமிஷனோ கேட்பது மோசடி என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. பணம் *வாங்க* யுபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்டால் உங்கள் கணக்கிலிருந்து எடுக்கிறார்கள் என்று அர்த்தம். அனுப்பிவிட்டிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

கேள்வி: ராமர் பட்டாபிஷேகம், பின்னால் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818 ஒன் அணா'. எங்கள் ஊரில் ஒருவர் இதற்குச் சக்தி உண்டு, அரிசியை இழுக்கும் என்கிறார்.

கற்பனைக் காசு. அரிசியில் இரும்புத்தூள், காசுப் பக்கம் ஒளித்த காந்தம், இதுதான் அந்தச் சக்தி. கம்பெனி சாமி உருவம் போட்டுக் காசு அடித்ததில்லை.

கேள்வி: இது தவறு. மூன்று சாமி வரகன் சென்னையில் கம்பெனி அடித்ததுதானே?

ஒப்புக்கொள்கிறேன், அவசரத்தில் எழுதிவிட்டேன். மூன்று சாமி வரகனில் வேங்கடவனும் இரு தேவியரும் உண்டு. நட்சத்திர வரகனிலும் பெருமாள்தான். ஆனால் இரண்டும் தங்கம், சுமார் 3.4 கிராம், கொட்டைப்பாக்கை அமுக்கின மாதிரி சின்னது. ஆங்கில எழுத்தோ ஆண்டோ கிடையாது.

கேள்வி: கோபுர வரகனில் ஆங்கிலம் இருக்கிறதே?

இருக்கிறது, பாரசீகம், தமிழ், தெலுங்கும் இருக்கின்றன. ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் பெருமாள். அதிலும் ராமர் தர்பார் இல்லை, 'ஒன் அணா' இல்லை. ஒரு அணா என்று நாடெங்கும் புழங்கிய காசு 1907-ல், ஏழாம் எட்வர்ட் தலையுடன், ஓரம் நெளிநெளியாக, செம்பு-நிக்கலில் வந்தது. 1818 செப்பு ஒரு அணா என்பதை அந்த ஒரு வரியிலேயே தள்ளிவிடலாம். ராமர் டோக்கன்களைப் பக்தியோடு பூஜையில் வையுங்கள், ஏலத்தில் கேட்காதீர்கள்.

கேள்வி: காசுக்குத் தரச்சான்று தரும் என்ஜிசி நிறுவனத்தின் பிளாஸ்டிக் பெட்டியில் வந்தால் நம்பலாமா?

பெட்டியையும் போலி செய்கிறார்கள். சான்று எண்ணை அவர்கள் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் கீறல், கறை இடம் உங்கள் காசோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். எண் மட்டும் பொருந்துவது போதாது, உண்மையான எண்ணைத்தான் திருடி ஒட்டுவார்கள்.

கேள்வி: நான் ஏற்ற ஏற்ற ஒரே ஆள் கூடக் கேட்கிறார், கடைசியில் விலகுகிறார்.

விற்பவரின் ஆளாக இருக்கலாம். அவர் வேறு யாரிடமும் கேட்காமல் இந்த ஒரு விற்பனையாளரிடமே கேட்கிறாரா பாருங்கள். உங்கள் உச்ச விலையை முன்பே தீர்மானித்து, கடைசி நொடிகளில் ஒரே தடவை போடுங்கள். 'தளத்துக்கு வெளியே கொடுத்தால் குறைத்துத் தருகிறேன்' என்றால் விட்டுவிடுங்கள். பாதுகாப்பு அந்த இடத்தோடு முடிந்தது.

கேள்வி: 786 நோட்டு...

டிராக்டர் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பழைய ஐம்பொன் அம்மன் சிலை, ஏலத்தில் விலை குறைவு.

என் துறை இல்லை. ஆனாலும் நூறாண்டு கடந்த சிலைக்கு 1972 தொல்பொருள் சட்டப்படி பதிவு வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டாதவரிடம் வாங்கினால் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு உங்கள் வாசலுக்கு வரும்.

கேள்வி: 1939 ரூபாய் வந்திருக்கிறது. எடை 11.65. தண்ணீரில் 1.13. இனி பயமில்லையே?

எடையோடு வந்த முதல் கேள்வி, நன்றி தம்பி. ஆனால் 1939 அரிய ஆண்டு, இங்கே எடை உதவாது. 1938 ரூபாயின் 8-ஐச் செதுக்கி 9 ஆக்கினால் வெள்ளியும் எடையும் அப்படியே இருக்கும். பத்து மடங்கு லென்ஸில், வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து அந்தக் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். 9-ன் கீழ் இடது பக்கம் காசின் பரப்பு சுரண்டியதுபோல் பள்ளமாகவோ, அங்கே மட்டும் வேறு பளபளப்பாகவோ இருந்தால் திருப்பி அனுப்புங்கள். பார்சலை முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி, தராசில் வைப்பது வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்திருக்கிறீர்களா?

கேள்வி: எடுக்கவில்லை, பிரித்துவிட்டேன்.

அப்படியானால் இன்றே, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், அந்த 9-ன் படத்தைத் தளத்திலேயே புகாராகப் போடுங்கள். காசைத் துடைக்காதீர்கள்.