கல்லூரி பெரிதா சிறிதா: புதிதாகச் சேர்ந்தவர்களின் கேள்விகளுக்குப் பதில்

600 பேர் படித்த கல்லூரியிலும் பாடம் எடுத்திருக்கிறேன், 20,000 பேர் புழங்கிய வளாகத்திலும் எடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சார், பெரிய கல்லூரியில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. எங்கும் கூட்டம், ஆனால் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். தப்பான இடத்துக்கு வந்துவிட்டேனா?

அவசரப்படாதீர்கள் தம்பி. ஒருவர் சாதாரண நண்பராகவே ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து பழக வேண்டும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி ஹால் 2018இல் கணக்கிட்டார். சின்னக் கல்லூரியில் இந்த நேரம் தானாகச் சேரும். வகுப்பிலும் நூலகத்திலும் சாப்பாட்டு வரிசையிலும் அதே முகங்கள்தான். உங்கள் இடத்தில், இன்று பக்கத்தில் உட்கார்ந்தவரை மறுபடி பார்க்க மாதமாகலாம். வாராவாரம் அதே ஆட்கள் கூடும் ஏதாவது ஒன்றில் நுழைந்துவிடுங்கள். பூப்பந்தோ, ஆய்வகக் குழுவோ, எதுவானாலும் சரி.

என் மகள் கூச்ச சுபாவம். சின்னக் கல்லூரியில் இன்னும் ஒடுங்கிவிடுவாளோ?

பெரும்பாலும் நேர்மாறாகத்தான் நடக்கும் அம்மா. எங்கள் சின்னக் கல்லூரியில் ஒரு நாடகத்துக்கு 11 பேர் தேவைப்பட்டது, வந்தது 8 பேர். கதவோரம் வேடிக்கை பார்த்த முதலாண்டுப் பெண்ணின் கையில் வசனத் தாளைத் திணித்தார்கள். காவலாளி வேடம், நாலே வரி. ஒத்திகை முழுக்கத் தாளைச் சுருட்டிச் சுருட்டி நைந்துபோக வைத்தாள். அடுத்த ஆண்டு இயக்கியதே அவள்தான். பெரிய வளாகமாக இருந்தால் நடிகர் தேர்வுக்கே நீண்ட வரிசை நிற்கும், அவள் பெயரே கொடுத்திருக்க மாட்டாள். உளவியலாளர்கள் ரோஜர் பார்க்கரும் பால் கம்ப்பும் பள்ளிகளை ஆராய்ந்து 1964இல் சொன்னதும் இதுதான்: ஆள் குறைவான இடத்தில் ஒவ்வொருவர் தலையிலும் பொறுப்பு விழுகிறது.

'சராசரியாக வகுப்புக்கு 38 பேர்' என்று சொல்லிச் சேர்த்தார்கள். எல்லா வகுப்பிலும் கூட்டம் பிதுங்குகிறதே?

பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. 200 பேர் வகுப்பு ஒன்று, 20 பேர் வகுப்பு ஒன்பது என்று வையுங்கள். மொத்தம் 380 இடம், பத்தால் வகுத்தால் 38. ஆனால் அந்த 380இல் 200 இடம் பெரிய வகுப்பில்தானே இருக்கிறது? ஒவ்வொரு இடத்தில் உட்கார்ந்திருப்பவரிடமும் 'உன் வகுப்பில் எத்தனை பேர்?' என்று கேட்டுக் கணக்குப் போட்டால் சராசரி 115ஐத் தொடும். சேரும் முன் சராசரியைக் கேட்காமல், 'முதலாண்டுப் பாடங்களில் எந்த வகுப்பில் எத்தனை பேர்?' என்று கேட்க வேண்டும்.

சின்னக் கல்லூரியில் வம்பு அதிகமாமே, அண்ணா?

ஆமாம். காலையில் போட்ட சண்டை மாலைக்குள் ஆசிரியர் அறை வரை போய்விடும். பெரிய வளாகத்தில் பாதையை மாற்றிக்கொண்டு தப்பிக்கலாம், இங்கே சண்டை போட்டவருடனேயே அடுத்த செய்முறை வகுப்பு இருக்கும்.

விடுதியில் கடைசி மூலை அறை கிடைத்திருக்கிறது. மாற்றட்டுமா?

முடிந்தால் மாடிப்படிப் பக்கம் கேளுங்கள். 1950இல் வெளிவந்த, உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் குழுவின் குடியிருப்பு ஆய்வில், அடுத்த வீட்டாரும் படிக்கட்டை ஒட்டியிருந்தவர்களும்தான் எளிதாக நட்பானார்கள். கிடைக்காவிட்டால், அறையில் இருக்கும்போது கதவைத் திறந்தே வையுங்கள்.