சீர் செய்தாயிற்று, பங்கு எதற்கு?

கேள்வி: கிராமத்துப் பெண்களுக்கு அநீதி என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். நானும் தம்பியும் கடன் வாங்கித் தங்கைக்குச் சீர் செய்தோம். இருக்கிற ஒன்றரை ஏக்கரிலும் பங்கு என்றால் விவசாயம் என்னாவது? (ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி)

பதில்: முதலில் அந்தச் சீரைப் பார்ப்போம். கட்டில், பீரோ, கிரைண்டர், மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள், தலைத் தீபாவளி, வளைகாப்பு, காதுகுத்து. இதில் எதைக் காட்டி உங்கள் தங்கை கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்குவார்? பீரோ துருப்பிடிக்கும். வண்டி மாப்பிள்ளை பெயரில் ஓடும். நகை புகுந்த வீட்டு அவசரத்துக்கு அடகுக்குப் போகும். நீங்கள் பட்ட கடன் பெரிய கஷ்டம்தான். ஆனால் அதில் பெரும்பகுதி ஊர் மெச்சச் செய்தது. சீர்த்தட்டுகளை வீதியில் ஊர்வலம் விடுவதைக் கண்டித்து நான் எழுதியதற்கு இன்றைக்கும் வசவுக் கடிதம் வருகிறது. வரட்டும், மறுபடியும் எழுதுவேன்.

பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டது 1929-ல். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வர 1989 ஆகிவிட்டது. அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் கல்யாணமானவர்களுக்கு அதிலும் பங்கு இல்லை. 2005-ல் மத்திய அரசின் திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. இது மகளுக்குப் பிறப்பாலேயே வரும் உரிமை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அதனால் இப்போது யாரும் சட்டத்தோடு மல்லுக்கு நிற்பதில்லை. என் பங்கு வேண்டாம் என்று பெண்ணிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிடுகிறார்கள். சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஒரு காலைப் பொழுது நின்று பாருங்கள். அண்ணன்மார் கார் பிடித்து அக்கா தங்கையை அழைத்து வந்திருப்பார்கள். பத்திர எழுத்தர் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிக் கையெழுத்து வாங்குவார். என்ன எழுதியிருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் படித்துக் காட்டுவதில்லை. கேட்டால், "நாளைக்கு ஒண்ணுன்னா அண்ணன் வீட்டு வாசல்லதானே நிக்கணும்" என்பார். அந்தப் பயத்தில் போடும் கையெழுத்தைத்தான் பாசம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

சரி, விவசாயம் என்னாவது என்கிறீர்கள். நாற்றுப் பறிப்பது யார், நடுவது யார், களை எடுப்பது யார்? 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடிப் பண்ணைகளில் பெண்கள் பொறுப்பில் இருப்பவை சுமார் 14 சதவீதம்தான். விவசாயிகளுக்கு மத்திய அரசு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் உதவித்தொகை, நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். மாமனார் பெயரில் பட்டா இருக்கும் வீட்டில் கணவன் இறந்துவிட்டால், இருபது வருஷம் அந்த வயலில் குனிந்து நிமிர்ந்தவள் அரசாங்கக் கணக்கில் விவசாயியே இல்லை.

நிலம் துண்டாகும் என்ற கவலை, நீங்களும் தம்பியும் பாகம் பிரிக்கும்போது ஏன் வரவில்லை? துண்டாக்கவும் வேண்டாம். தங்கை பெயரையும் சேர்த்துக் கூட்டுப்பட்டா வாங்குங்கள். நீங்களே சாகுபடி செய்யுங்கள். அவர் பங்குக்கான குத்தகை நெல்லை அறுவடைக்கு அறுவடை அளந்து கொடுத்துவிடுங்கள். சீர்ச் செலவை அதில் கழித்துக்கொள்ளலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். கழிப்பதென்றால் உங்கள் படிப்புச் செலவையும் கல்யாணச் செலவையும் அதே தாளில் எழுதுங்கள்.