‘இனி எங்கட முறை’ என்கிறார்கள், நான் என்ன செய்ய?

கேள்வி:

எனது சொந்த இடம் திருக்கோவில். மட்டக்களப்பில் ஓர் ஆண்கள் பாடசாலையில், விடுதியில் தங்கி ஏ.எல் படிக்கிறேன். இந்த வருஷம் பாடசாலை மாணவர் படையான கடேற் பிளட்டூனுக்கு என்னை சார்ஜன்ட் ஆக்கியிருக்கிறார்கள். நான் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தபோது அப்போதைய சீனியர்கள் இரவில் எழுப்பி முழங்காலில் நிற்க வைப்பார்கள், டிப்ஸ் (தண்டால்) அடிக்க வைப்பார்கள், தங்களுடைய சப்பாத்தைத் துடைக்க வைப்பார்கள். வீட்டுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது என் வகுப்புச் செட் பொடியன்கள் ‘இனி எங்கட முறை’ என்கிறார்கள். போன கிழமை ஓர் இரவு, பெல்ட் பளபளக்கவில்லை என்று சொல்லி ஒன்பதாம் வகுப்புத் தம்பி ஒருவனை, கை நடுங்கிக் கீழே விழும்வரை டிப்ஸ் அடிக்க விட்டார்கள். நான் கதவடியில் நின்றேன். தடுக்கவில்லை. அன்றிலிருந்து அவன் என்னைக் கண்டால் சுவரோடு ஒட்டிக்கொண்டு போகிறான். பொறுப்பாசிரியரான சேரிடம் சொன்னால் காட்டிக்கொடுத்தவன் என்பார்கள். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. கொஞ்சம் கண்டிப்பு இல்லாவிட்டால் பிளட்டூன் உருப்படாது என்றும் சிலவேளை தோன்றுகிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

– பெயர் வேண்டாம்

பதில்:

தம்பி, உன் கடிதம் கிடைத்த அன்றே, அந்தப் பிள்ளையை உடனே வைத்தியரிடம் காட்டு என்று இரண்டு வரி அனுப்பியிருந்தேன். காட்டியதாகவும், பயப்பட ஒன்றுமில்லை என்றும் நீ எழுதியது பெரிய ஆறுதல். ஏன் அப்படி அவசரப்படுத்தினேன் என்பதை மற்றப் பிள்ளைகளும் வாசிக்கட்டும் என்று இங்கே சொல்கிறேன்.

‘டிப்ஸ்தானே, உடம்புக்கு நல்லதுதானே’ என்று பலர் நினைக்கிறார்கள். பழக்கமில்லாத உடம்பை ஒரே மூச்சில் அளவுக்கு மிஞ்சி வருத்தினால் தசை உடையும். உடைந்த தசையிலிருந்து வெளிவரும் மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். நம்ம பக்கம் கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் முழுக்க வியர்த்து, உடம்பில் நீர் வற்றிப்போயிருக்கும் பிள்ளைக்கு ஆபத்து இன்னும் அதிகம். கை கால் வீங்கி வலித்தாலோ, ஒன்றிரண்டு நாளில் சிறுநீர் கடும் கபில நிறத்தில் போனாலோ, வலி மாத்திரை கொடுத்துப் படுக்க வைக்கக்கூடாது. நேரே போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். என்ன செய்ய வைத்தோம், எவ்வளவு நேரம் செய்ய வைத்தோம் என்பதை மறைக்காமல் சொல்லவும் வேண்டும். ‘விளையாடும்போது விழுந்துவிட்டான்’ என்று பொய் சொன்னால் வைத்தியர், பிள்ளையின் கையில் முறிவு இருக்கிறதா என்று பார்ப்பார், சிறுநீரகம் அவர் நினைவுக்கு வராமல் போகலாம்.

1997இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குப் புதிதாகப் போன ஒரு தமிழ் மாணவன் இப்படித்தான் இறந்தான். பகிடிவதை (ராகிங்) என்ற பெயரில் கடும் உடற்பயிற்சிகளைச் செய்ய வைத்தார்கள், சிறுநீரகம் செயலிழந்தது. அடுத்த வருஷம், 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் வந்து பகிடிவதை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. அந்தச் சீனியர்களும் கொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கமாட்டார்கள். அவர்களும் ‘எங்கட முறை’ என்றுதான் நினைத்திருப்பார்கள்.

சரி, இனி உன் கேள்விக்கு வருவோம்.

உன் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்த வரி, ‘வீட்டுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை’ என்பது. பதினான்கு வயதில் வீட்டை விட்டு வந்து, இரவில் எந்த நேரம் எழுப்புவார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்த பிள்ளை நீ. விடிந்தால் அதே சீனியர்களோடு ஒரே மேசையில் பாணும் பருப்பும் சாப்பிட வேண்டும். உனக்கு நடந்தது அநியாயம். உன்னிடம் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள், யாரும் கேட்கவில்லை. இதை இதுவரை எவரும் உனக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். ‘எங்களுக்கும் அடிச்சாங்கதான், நாங்க நல்லா வரல்லியா’ என்று சொல்லும் பழைய மாணவர்களைத்தான் நீ கண்டிருப்பாய். இந்தக் கிழமை அம்மா போன் எடுக்கும்போது அவரிடம் சொல். காலம் போய்விட்டது, இனி எதற்கு என்று நினைக்காதே. சொல்லாமல் வைத்திருந்த வலிதான் இப்போது ‘கொஞ்சம் கண்டிப்பு வேண்டும்தானே’ என்று உன் வாயால் நியாயம் பேசுகிறது.

‘எங்கட முறை’ என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. நாங்கள் பட்டோம், எங்களுக்கு வரவேண்டிய கடன் ஒன்று இருக்கிறது என்ற கணக்கு. வரவேண்டியது இருப்பது உண்மை. ஆனால் கடன்காரர் எவரும் இப்போது விடுதியில் இல்லை. இந்நேரம் ஒருவர் கொழும்பில் வேலை செய்வார், ஒருவர் கட்டாரில் இருப்பார். ஒன்பதாம் வகுப்புத் தம்பி உங்களிடம் ஒரு சதமும் வாங்கவில்லை. அவனிடம் வட்டியோடு வசூலிக்கப் போகிறீர்கள். நாலு வருஷம் கழித்து அவன் யாரிடம் வசூலிப்பான் என்பதும் உனக்குத் தெரியும்.

அந்தப் பிள்ளை எப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தான் என்று யோசித்துப் பார்த்தாயா? நம்ம மாவட்டத்திலும் அம்பாறைக் கரையிலும் விடுதிக்கு வரும் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு அம்மா மத்திய கிழக்கில் வீட்டுவேலைக்குப் போயிருக்கிறார், அம்மம்மாதான் வளர்க்கிறார். அவன் அழுதுகொண்டு கூப்பிட்டால் வந்து பார்க்க ஆளில்லை. இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் கரையில் யுத்த காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஆயுதம் தூக்கக் கொண்டுபோனார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். கடேற்றில் சேர்ந்தவன் பிறகு இராணுவத்தில் சேர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. என்றாலும் பிள்ளை காக்கி உடுப்போடு வந்து நிற்கும்போது பல தாய்மாருக்கு அடிவயிறு கலங்கும். ‘பயப்படாதீங்க அம்மா, சேர்மார் பார்த்துக்கொள்வாங்க, பெரிய அண்ணாமார் இருக்கிறாங்க’ என்று சொல்லித்தான் கடேற்றில் சேரச் சம்மதக் கையெழுத்தை வாங்கியிருப்பார்கள். அந்த அண்ணன் நீதான்.

பாரம்பரியம் என்று சொல்லி உன்னை மடக்குவார்கள். இலங்கையில் கடேற் படை 1881இல் கொழும்பு றோயல் கல்லூரியில் தொடங்கியது. இங்கிலாந்தின் விடுதிப் பாடசாலைகளைப் பார்த்துத்தான் நம்ம நாட்டிலும் இந்தியாவிலும் இப்படியான பாடசாலைகளை அமைத்தார்கள். டேராடூனில் 1922இல் தொடங்கிய இராணுவக் கல்லூரியும் அந்த வார்ப்புத்தான். இங்கிலாந்தில் இளையவன் மூத்தவனின் சப்பாத்தைத் துடைப்பதும் தேநீர் வைத்துக்கொடுப்பதும் விடுதி வழக்கமாகவே இருந்தது. இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அவர்களே அதைக் கைவிட்டுவிட்டார்கள். அவர்கள் எறிந்துவிட்டுப் போனதை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். டக்ளஸ் மக்ஆர்தர் பின்னாளில் அமெரிக்காவின் மிகப் பெரிய தளபதிகளில் ஒருவரானார். அவர் 1899இல் வெஸ்ட் பொயின்ட் இராணுவக் கல்லூரியில் சேர்ந்தபோது சீனியர்கள் அவரை, இருந்து எழும்பும் பயிற்சியை, உடம்பு இழுத்து விழும்வரை செய்ய வைத்தார்கள். அங்கே படித்து விலகிய இன்னொரு மாணவன் இறந்ததால், 1901இல் அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணைக்குழு வைத்தது. மக்ஆர்தரும் அதன்முன் சாட்சி சொல்ல வேண்டி வந்தது. 1919இல் அவர் அதே கல்லூரிக்குத் தலைவராகத் திரும்பி வந்தார். புதியவர்களுக்குக் கொடுக்கும் ஆரம்பப் பயிற்சியைச் சீனியர் மாணவர்களின் கையிலிருந்து எடுத்து அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். பழைய மாணவர்கள் கொதித்தார்கள், அவருக்குப் பின்னால் வந்தவர் சில மாற்றங்களைத் திருப்பியும் விட்டார். ஆனாலும் பட்டவர்தான் அதை நிறுத்தப் பார்த்தார் என்பதைக் கவனி. உனக்கு அவரைப்போல இருபது வருஷம் காத்திருக்கத் தேவையில்லை. இந்த வருஷமே உன் கையில் கொஞ்சம் அதிகாரம் இருக்கிறது.

அந்த அதிகாரம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் நீ தெளிவாக இருக்க வேண்டும். சார்ஜன்ட் பட்டி உனக்குத் தருவது மைதானத்தில், சேர் பார்த்துக்கொண்டிருக்க, பிளட்டூனை நடத்தும் பொறுப்பு. இரவு விளக்கணைத்த பிறகு சின்னப் பிள்ளைகள் படுக்கும் இடத்தில் அதற்கு எந்த வேலையும் இல்லை. பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005/17 சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டது. ஆசிரியருக்கே இல்லாத உரிமை பதினேழு வயதுப் பொடியனுக்கு எங்கிருந்து வரும்?

கண்டிப்பு இல்லாவிட்டால் பிளட்டூன் உருப்படாது என்று எழுதியிருக்கிறாய். கண்டிப்பு தேவைதான். நேரத்துக்கு வர வேண்டும், உடுப்பு ஒழுங்காக இருக்க வேண்டும், பிழைவிட்டால் திரும்பச் செய்ய வேண்டும். ஆனால் புதிதாக வந்த பிள்ளை மார்ச் பண்ணும்போது நடப்பதைக் கவனித்திருப்பாய். பயத்தில் வலது காலோடு வலது கை போகும், இடது காலோடு இடது கை போகும். வரிசை முழுக்கச் சிரிக்கும். கத்தினால் இன்னும் மோசமாகும், ஏனென்றால் அவன் கையைப் பற்றியே யோசிக்கத் தொடங்கிவிடுவான். அவனைத் தனியாக வெளியே எடுத்து, ‘தம்பி, மார்ச் வேண்டாம், கடைக்குப் போற மாதிரிச் சும்மா நட’ என்று சொல்லிப் பக்கத்தில் நீயும் நட. எந்த ஊர், எத்தனை சகோதரம் என்று கேட்டுக்கொண்டு போ. கொஞ்சத் தூரத்தில் கை தானாகச் சரியான காலோடு சேர்ந்துவிடும். அப்போது மெல்ல எண்ணத் தொடங்கு. பெல்ட்டும் அப்படித்தான். பக்கிளில் பிறாசோ என்ற பொலிஷை எவ்வளவு தொட வேண்டும், எந்தத் துணியால், எவ்வளவு நேரம் தேய்க்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு யாராவது இருந்து காட்டினார்களா? காட்டாமல் தண்டித்தால் அதற்குக் கண்டிப்பு என்று பெயர் கிடையாது. ரன்தம்பே கடேற் பயிற்சி முகாமுக்குப் போகும்போது உன் சொல்லுக்குப் பிளட்டூன் ஒன்றாக அசைய வேண்டுமென்றால், உன்னைக் கண்டு சுவரோடு ஒட்டுகிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

இனிச் செய்ய வேண்டியது. முதலில் அந்தத் தம்பியிடம் போ. மற்றவர்களுக்கு முன்னால் வேண்டாம், தனியறைக்குக் கூப்பிட்டும் கதைக்காதே, கூப்பிட்டாலே பயப்படுவான். மாலையில் கிணற்றடியிலோ மைதானத்திலோ பக்கத்தில் போய் இருந்து, ‘அன்றைக்கு நான் நின்று பார்த்தேன், தடுத்திருக்க வேண்டும், மன்னிச்சுக்கொள். இனி நடக்கவிடமாட்டேன். இதை சேரிடம் சொல்லப்போகிறேன்’ என்று சொல். அவன் பதில் சொல்லாமல் எழும்பிப் போனாலும் பரவாயில்லை. ‘யாரிட்டயும் சொல்லாத’ என்று மட்டும் கேட்டுவிடாதே.

அடுத்து உன் செட். சேரிடம் போவதற்கு முன் அவர்களிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிடு. ‘நாளைக்கு நான் சேரிட்டப் போறன். நீங்களும் வந்தா ஒன்றாகச் சொல்லுவம், வராட்டித் தனியப் போறன்.’ முதுகுக்குப் பின்னால் போய்ச் சொன்னால் அது காட்டிக்கொடுப்பு, முன்னாலேயே சொல்லிவிட்டுப் போனால் அப்படி ஆகாது. ஒருவனாவது உன்னோடு வருவான் என்று நினைக்கிறேன். அன்றிரவு கதவடியில் மனம் குழம்பி நின்றவன் நீ ஒருவன் மட்டும் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஒரு விதிவிலக்கு. மறுபடி யாருக்காவது காயம், மயக்கம், அல்லது உடுப்பைக் கழற்றச் சொல்வது போன்ற அசிங்கம் நடந்தால் செட்டிடம் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. அந்த நிமிஷமே விடுதிப் பொறுப்பாளரின் கதவைத் தட்டு.

சேரிடம் போகும்போது பெயர்களை மட்டும் கொண்டுபோகாமல் ஒரு யோசனையையும் கொண்டு போ. விளக்கணைத்த பிறகு சீனியர்கள் இளைய வகுப்புப் பக்கம் போகக்கூடாது. மேலதிகப் பயிற்சி எதுவாக இருந்தாலும் பொறுப்பாசிரியர் பார்க்கும் இடத்தில், பகலில் மட்டும் நடக்க வேண்டும். அவரவர் சப்பாத்தை அவரவரே துடைக்க வேண்டும். இந்த மூன்றையும் அதிபர் எழுத்தில் போட்டுத் தந்தால், நாளைக்கு உன்னை எவரும் தனிப்படக் குறைசொல்ல முடியாது, விதி என்று சொல்லிவிட்டுப் போகலாம். சில நாட்கள் உன்னோடு கதைக்கமாட்டார்கள். சிலவேளை பட்டியைக் கழற்றச் சொல்லியும் நெருக்குவார்கள். அந்த நாட்கள் கஷ்டமாகத்தான் இருக்கும், இல்லை என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன். அப்படி வந்தால் எனக்கு எழுது, கட்டாயம் பதில் போடுவேன்.

சேர் காதில் போட்டுக்கொள்ளாவிட்டால் அதிபரிடம் போ, அங்கேயும் நடக்காவிட்டால் வலயக் கல்வி அலுவலகம் இருக்கிறது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் காசில்லாமல் எடுக்கலாம், தமிழில் கதைக்கலாம். நீயும் பதினெட்டு ஆகாத பிள்ளைதான், உனக்காகவும் எடுக்கலாம். அந்த இலக்கத்தை விடுதி அறிவித்தல் பலகையில் ஒட்டித் தரும்படி சேரிடம் கேள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதை நீயே வாயால் சொல்லிக்கொடு.