வயரிங் பக்கம்: பானட்டில் சோலார் ஒட்டலாமா?

கேள்வி: அண்ணே, என்னிடம் துணி டாப் போட்ட மகிந்திரா தார் ஜீப் இருக்கிறது. சாந்தன்பாறைப் பக்கம் எங்கள் ஏலக்காட்டில் ஷெட் கிடையாது, வெட்டவெளியில்தான் வண்டி நிற்கும். மூன்று வாரம் கழித்துப் போய்ச் சாவி போட்டால் செல்ஃப் எடுப்பதில்லை. பானட்டில் 100 வாட் வளையும் சோலார் பேனல் ஒட்டிவிட்டால் பேட்டரியும் இறங்காது, சின்ன ஃபிரிட்ஜும் ஓட்டலாம் என்கிறான் நண்பன். செய்யலாமா?
– வாசகர், கம்பம்

பதில்: ஒட்டலாம் தம்பி. ஆனால் 100 வாட் வேண்டாம். பானட் தகரத்தோடு தகரமாகவும் ஒட்டிவிடாதீர்கள். இரண்டையும் செய்து பார்த்துக் கெட்டவன் சொல்கிறேன்.

2019 ஏப்ரலில் என் பழைய மேஜர் ஜீப்பில் 100 வாட் வளையும் பேனலை நேராகப் பானட்டிலேயே ஒட்டினேன். ஒட்டுவதற்கு முன் வெயிலில் காட்டி மீட்டர் வைத்தால் 21.6 வோல்ட். மனசுக்கு நிறைவாக இருந்தது. போடிமெட்டு ஏறி இறங்கி, கடை வாசலில் நிறுத்தி மறுபடி வைத்தேன்: 18.3. பேனலில் கை வைக்க முடியவில்லை, தோசைக்கல் மாதிரி கொதித்தது. பேனலின் பின்னால் அச்சடித்திருக்கும் வாட் கணக்கெல்லாம், உள்ளே கட்டம் கட்டமாக இருக்கும் செல் 25 டிகிரியில் இருந்தால்தான் சரி. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் போய்விடும். 70 டிகிரி ஆனால் 18 சதவீதம் காலி.

அதைவிடப் பெரிய சிக்கல் வோல்ட்டில். 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி முழுசாக ஏற 14.4 வேண்டும். சார்ஜ் ஆகும்போது 18 வோல்ட் கொடுக்க வேண்டிய பேனல் அந்தச் சூட்டில் பதினாலரைக்கு இறங்கிவிடுகிறது. வயரிலும், பேனல் கரண்டைப் பேட்டரிக்கு அளவாக விடும் கன்ட்ரோலரிலும் கொஞ்சம் போனால் மிச்சம் ஒன்றும் இல்லை. கொளுத்துகிற வெயிலில் வண்டி நிற்கும், பேட்டரி மட்டும் ஏறாது.

உங்கள் விஷயத்தில் ஒரு நல்லது உண்டு. மூன்று வாரம் நிற்கிற வண்டியில் இஞ்சின் சூடு கிடையாது, வெயில் சூடு மட்டும்தான். ஓடும்போது டைனமோ சார்ஜ் செய்துவிடும், அப்போது பேனல் படுத்துக் கிடந்தாலும் நட்டமில்லை. அடி விழுவது பேனலின் ஆயுளில். என் பேனலில் எட்டாவது மாதம் நடுவில் பழுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. கடைப் பையன் டீ டம்ளரோடு பானட்டில் சாய்ந்து உட்கார்வான். அதில் ஒரு செல் கண்ணுக்குத் தெரியாமல் கீறியிருக்கிறது. கீறிய செல், மற்ற செல்கள் தள்ளிவிடும் கரண்டை விடாமல் தானே சூடாகிக் கருகிவிடும். பையனைத் திட்டவும் முடியவில்லை. உட்காராதே என்று நான் சொல்லி வைக்கவில்லையே.

பேனல் வாங்கும் முன் ஒரு வேலை. வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் விடுங்கள், உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் எல்லாம் தூங்கட்டும். பிறகு பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் முனைக்கும் நடுவில் மீட்டரை ஆம்பியர் ஸ்கேலில் வையுங்கள். கழற்றியதில் தூக்கம் கலைந்திருக்கும், அதனால் மறுபடி கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் இயல்பு. போன மாதம் ஒரு ஜீப்பில் 310 காட்டியது. டேஷ்கேமராவை யாரோ நேராகப் பேட்டரியில் கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு வயரை சாவி லைனுக்கு மாற்றினேன், சோலார் பேச்சே தேவைப்படவில்லை. உங்களிடமும் ஜி.பி.எஸ். கருவி, ஆம்ப்ளிஃபையர் என்று ஏதாவது தின்றுகொண்டிருக்கலாம்.

ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் அது ஒரு ஆம்பியர் அவர். 50 மில்லி ஆம்பியர் என்றால் நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர். மூன்று வாரத்தில் 25. 60 ஆம்பியர் அவர் பேட்டரியில் அது பாதிக்குக் கொஞ்சம் குறைவு. பேட்டரி இரண்டு மூன்று வருஷப் பழசு என்றால் குளிர்ந்த காலையில் செல்ஃப் மூச்சு விடாது. இதை ஈடுகட்ட, கம்பத்து வெயிலில் 20 வாட் பேனலே தாராளம். ஆனால் சாந்தன்பாறையில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் வாரக்கணக்கில் மூட்டம்தான். அன்றைக்கெல்லாம் நாள் முழுக்கச் சேர்ந்தாலும் ஒரு மணி நேர நல்ல வெயிலுக்குச் சமம் தேறினால் அதிகம். அதனால் 50 வாட் போடுங்கள். மூட்டத்திலும் இரண்டரை ஆம்பியர் அவர் வரும், தின்பதைவிடக் கூடுதல். ஏறக்குறைய இரண்டடிக்கு இரண்டடி இருக்கும், பானட்டின் சமமான இடத்தில் அடங்கிவிடும். மடிப்பு வரும் இடத்தில் வளைத்து ஒட்டாதீர்கள்.

மேலே பெட், அதாவது தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக் போட்ட பேனல் மலிவு, இரண்டு வருஷத்தில் மங்கிவிடும். இ.டி.எஃப்.இ. பூச்சு என்று கேட்டு வாங்குங்கள். சொரசொரப்பாக இருப்பதால் வெயில் எதிரொளித்துக் கண்ணிலும் அடிக்காது.

ஒட்டும் முறையில்தான் சூட்சுமம். கார் ஷெட் கூரைக்குப் போடுகிற பாலிகார்பனேட் ஷீட், உள்ளே குழல் குழலாக இருக்குமே, அதில் 6 மில்லிமீட்டர் கனத்தில் பேனல் அளவுக்கு ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். குழல்கள் முன்னிருந்து பின்னாகப் போக வேண்டும், காற்று உள்ளே ஓடும். பானட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, இரண்டு பக்கமும் ஒட்டும் வி.எச்.பி. டேப்பால் ஷீட்டைப் பானட்டிலும், பேனலை ஷீட்டிலும் ஒட்டுங்கள். முன் மூலைகளில் பாலியூரிதேன் சீலன்ட் கொஞ்சம் வையுங்கள், இல்லாவிட்டால் வேகத்தில் காற்று தூக்கிவிடும். டேப் முழுப் பிடிப்புக்கு வர 72 மணி நேரம் ஆகும். வெள்ளிக்கிழமை ஒட்டி சனிக்கிழமை மலை ஏறாதீர்கள்.

வயரைப் பானட்டைத் திறந்து மூடும்போது நசுங்காதபடி கீல் பக்கம் தளர்வாக விடுங்கள். தகரத்தைத் துளைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். கன்ட்ரோலரை இஞ்சின் பக்கம் வைக்காமல் டேஷ்போர்டுக்கு அடியில் வையுங்கள். பேட்டரி பாசிட்டிவை ஒட்டி 10 ஆம்பியர் ஃபியூஸ். முதலில் பேட்டரியைக் கன்ட்ரோலரில் கொடுத்துவிட்டு அப்புறம்தான் பேனல். பேட்டரி நெகட்டிவ் முனையில் கரண்டை அளக்கும் சென்சார் உள்ள வண்டியென்றால் சோலார் நெகட்டிவைப் பேட்டரியில் கொடுக்காமல் பாடி எர்த்தில் கொடுங்கள். கம்பெனி வயரை எங்கேயும் வெட்டாதீர்கள், வாரன்டி போய்விடும். இன்சூரன்ஸுக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

ஃபிரிட்ஜை மறந்துவிடுங்கள். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் நாளைக்கு 30, 35 ஆம்பியர் அவர் கேட்கும். செல்ஃப் அடிக்கிற பேட்டரியிலிருந்து அதை எடுத்தால் காட்டில் வண்டியைத் தள்ளத்தான் ஆள் தேட வேண்டும். ஃபிரிட்ஜ் வேண்டுமென்றால் தனி பேட்டரி, மடக்கும் பேனல், ஐந்து மீட்டர் வயர். வண்டி மர நிழலில் நிற்கும், பேனல் வெயிலில் கிடக்கும். பானட் பேனலில் இது நடக்காது. அது காய வேண்டுமென்றால் நீங்களும் காய வேண்டும்.

கேள்வி: வீட்டு மாடியில் கழற்றிய 330 வாட் பேனல் சும்மா கிடக்கிறது. அதை என் பழைய ஜீப்பின் பானட்டில் வைக்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், போடி

பதில்: வேண்டாம் சார். அது ஆறரை அடிக்கு மூன்றேகால் அடி, இருபது கிலோவுக்கு மேல், கண்ணாடி வேறு. பானட்டில் வைத்தால் ரோடு தெரியாது. 37 வோல்ட் சொச்சம் தருவதால் 12 வோல்ட் பேட்டரிக்குச் சாதாரண பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் போட்டால் பாதிக்கு மேல் வீண், கூடுதல் வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர்தான் சரிப்படும். தோட்டத்து மோட்டார் அறைக் கூரையில் ஏற்றி லைட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சோலாரிலேயே ஜீப் ஓடாதா?
– ஏழாம் வகுப்பு மாணவி, தேனி

பதில்: ஒரு குதிரைசக்தி என்பது 746 வாட் பாப்பா. மேலே சொன்ன 50 வாட் பேனல் அதில் பதினைந்தில் ஒரு பங்கு. ஜப்பானில் 2017-ல் டொயோட்டா, பிரியஸ் காரின் கூரையில் 180 வாட் சோலார் போட்டு விற்றது. பகல் முழுக்க நின்று சேர்த்தால் சில கிலோமீட்டர் ஓடும். உன் அப்பா ஜீப்பை அப்படி ஓட்டினால் தேனியில் கிளம்பி போடி சேர நாலைந்து நாள் ஆகும்.