நம் கட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் ஏலியன்

கேள்வி: எனக்குத் தெரிந்த சீட்டாட்டம் ரம்மி மட்டும்தான். 'டெக் பில்டிங்' என்கிறார்களே, அது என்ன?

ரம்மியில் எல்லோரும் ஒரே கட்டிலிருந்து எடுக்கிறோம். டெக் பில்டிங்கில் ஆளுக்கொரு சின்னக் கட்டு. தொடக்கத்தில் அதில் சாதாரணச் சீட்டுகள்தான் இருக்கும். அவற்றை இறக்கிக் கிடைக்கும் புள்ளிகளைக் கொண்டு மேசை நடுவில் இருக்கும் நல்ல சீட்டுகளை வாங்க வேண்டும். வாங்கியது உடனே கைக்கு வராது, கழித்த சீட்டுகளோடு போய்ச் சேரும். கட்டு தீர்ந்து, கழித்ததை எல்லாம் கலைத்து அடுக்கிய பிறகுதான் அது கையில் ஏறும். 2008-ல் வந்த 'டொமினியன்' என்ற விளையாட்டு இந்த முறையை உலகம் முழுக்கப் பரப்பியது. கழித்தது திரும்பி வரும் என்பதை நினைவில் வையுங்கள், அடுத்த பதிலே அதைப் பற்றித்தான்.

கேள்வி: 1979-ல் வந்த 'ஏலியன்' படத்தின் தீவிர ரசிகன் நான். சினிமா பெயரில் வரும் விளையாட்டுகளில் பெட்டி மேல் மட்டும்தான் சினிமா இருக்கிறது. 'லெஜண்டரி என்கவுன்டர்ஸ்: ஏலியன்' வாங்கலாமா?

தாராளமாக வாங்குங்கள். 2014-ல் அப்பர் டெக் நிறுவனம் வெளியிட்ட டெக் பில்டிங் விளையாட்டு இது. ஒருவரை ஒருவர் ஜெயிக்க ஆடுவதில்லை, எல்லோரும் ஒரே அணி. ஒவ்வொரு முறையும் ஹைவ் என்ற பொதுக் கட்டிலிருந்து ஒரு சீட்டு கவிழ்ந்தபடியே மேசையில் வரிசையாக உள்ள அறைகளுக்குள் வந்து, முன்னால் இருப்பவற்றை ஓர் அறை தள்ளும். அது என்னவென்று பார்க்கவே நம் சீட்டுகள் தரும் தாக்குதல் புள்ளி செலவாகும். பார்க்காமல் விட்டால் கடைசியில் நம் எதிரே வந்துதான் திரும்பும்.

ஆனால் இதன் மேதைமை வேறிடத்தில் இருக்கிறது. நாஸ்ட்ரோமோ விண்கலத்தின் சாப்பாட்டு மேசையில், அதன் ஊழியர் கேனின் மார்பைப் பிளந்துகொண்டு அந்த ஏலியன் குட்டி வெளியே வரும் காட்சி உங்களுக்கு மறந்திருக்காது. சுற்றி நின்ற நடிகர்களுக்கு ஏதோ வெளிவரப்போகிறது என்று தெரியும், ரத்தம் அவ்வளவு பீய்ச்சும் என்று தெரியாது. அவர்கள் முகத்தில் நாம் பார்ப்பது நிஜ அதிர்ச்சி.

விளையாட்டில் ஃபேஸ்ஹக்கர், அதாவது முகத்தைக் கவ்வி உடலுக்குள் கருவை வைக்கும் உயிரி, ஒருவர் மேல் பாய்ந்தால், அடுத்தவர் ஆடி முடிப்பதற்குள் யாராவது அதைக் கொல்ல வேண்டும். தவறினால் ஒரு செஸ்ட்பர்ஸ்டர் (மார்பைப் பிளந்து வரும் அந்தக் குட்டி) சீட்டு அவருடைய கழித்த சீட்டுகளுக்குள் போகும். அப்போது அவருக்கு ஒன்றும் ஆகாது. தொடர்ந்து ஆடுவார், நல்ல சீட்டு வாங்குவார், படத்தில் கேன் எழுந்து வந்து பசிக்கிறது என்று சாப்பிட உட்காருவதைப் போலவே. அப்புறம் கட்டு தீரும். கலைப்பார். அதற்குமேல் அவர் சீட்டு எடுக்கும்போதெல்லாம் மொத்த மேசையும் அவர் விரலையே பார்க்கும். அந்தச் சீட்டு கைக்கு வந்ததும் அவர் கதை முடிந்தது.

டெக் பில்டிங் ஆடுகிறவர்களுக்குச் சீட்டைக் கலைப்பது என்றால் ஒரு ஆசை: வாங்கிய நல்லதெல்லாம் இனி வரப்போகிறதே என்று. அதே ஆசையைப் பயமாக மாற்றிவிட்டார்கள் இதை வடிவமைத்த பென் சிச்சோஸ்கியும் டேனி மாண்டலும். இன்னொன்றும் கவனியுங்கள். கோஆர்டினேட் என்று குறித்த சீட்டை, அடுத்தவர் ஆடும்போது அவருக்கு உதவியாகக் கொடுக்கலாம். கொடுத்தால் பதிலுக்குக் கட்டிலிருந்து ஒன்று எடுக்க வேண்டும். செஸ்ட்பர்ஸ்டர் தன் கட்டில் இருப்பது தெரிந்தும் தோழருக்கு உதவுகிறவர், தன் சாவைத் தானே ஒரு சீட்டு அருகில் இழுக்கிறார். அந்த நேரத்தில் உதவக் கை நீட்டுகிறவரைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு கனத்துவிடும். இந்தப் படத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்களும் தொடாத ஒன்றை, ஒரு சின்ன விதி தொட்டுவிடுகிறது.

கேள்வி: பெட்டியில் துரோகி விதியும் இருக்கிறதாமே? நானும் என் கணவரும் மட்டும்தான் ஆடுவோம்.

இருக்கிறது. படத்தில் ஆஷ் என்ற விண்கல அதிகாரி, அதை நடத்தும் கம்பெனிக்காக ரகசியமாக வேலை பார்ப்பதைப் போல, ஒருவருக்கு மட்டும் தீய நோக்கம் ரகசியமாகக் கிடைக்கலாம். விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்ளும் விதிதான். இரண்டு பேருக்கு அது வேண்டவே வேண்டாம்: மிச்சம் இருப்பது ஒரே ஆள், யாரைச் சந்தேகிப்பது? நான்கைந்து பேர் சேரும் நாளில், அதுவும் எல்லோருக்கும் விதிகள் கைவந்த பிறகு, சேருங்கள்.

உங்கள் இருவருக்கும் நான் சொல்வது, முதல் படத்தின் சீட்டுகளிலிருந்தே தொடங்குங்கள். பெட்டியில் 1979, 1986, 1992, 1997 ஆகிய ஆண்டுகளில் வந்த நான்கு படங்களுக்கும் தனித்தனிச் சீட்டுகள் உண்டு, பிற்பாடு கலந்தும் ஆடலாம். கலந்தால் கதை குலையும் என்பது என் கருத்து.

கேள்வி: தனியாக ஆட முடியுமா? பிள்ளைகளோடு?

விதிப்படி ஒருவர் முதல் ஐந்து பேர் வரை ஆடலாம். தனியாக ஆடினால் மேலே சொன்ன கோஆர்டினேட்டுக்கு ஆளே இல்லை, பாதி உயிர் போய்விடும். சீட்டுகளில் உள்ள ஓவியங்கள் கொடூரமானவை, சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள். இன்னொரு விஷயம்: சீட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஆடி முடித்ததும் படவாரியாகப் பிரித்து, இடையில் அட்டை செருகி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை ஆட்டத்தைவிட அடுக்கவே அதிக நேரம் பிடிக்கும்.